என் பெயரில் போன சரக்கு

அன்புள்ள பரத்,

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பெங்காலியில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘ஓகே மா’ என்று பதில் போடுவாய். இது மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம். தயவுசெய்து இதைப் படம் பிடித்து உன்னுடைய ஏஐ உதவியாளரிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்காதே. ஒரு தடவையாவது அம்மா சொல்வதை அம்மா சொன்ன நீளத்திலேயே கேள்.

நீ புது வேலைக்காகப் புனே போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை போன் செய்தபோது உன் குரலே சரியில்லை. “அம்மா, பிரேக் பாகம் பண்ற ஒரு ஃபேக்டரி. அவாளோட சாஃப்ட்வேர்ல நம்ம உதவியாளரை இணைக்கணும். சரக்கை வெளியே விடற அதிகாரத்தையும் அதுக்கே குடுத்துடுங்கோங்கறார் ப்ளான்ட் ஹெட். குவாலிட்டி மேனேஜரோட லாகினையே தரேங்கறார். என் பாஸும் சரின்னுட்டார். திங்கட்கிழமை மீட்டிங். நான் என்ன பண்ணட்டும்?” என்றாய். அப்போது நான் லேக் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். யோசிப்பதற்காக வைக்கவில்லை. பதில் அப்போதே தெரியும். கொடுக்காதே. அந்த லாகினை வாங்காதே, அந்த அதிகாரத்தை இணைக்காதே. ஏன் என்பதற்குத்தான் கூரியரில் வரும் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ அதை உன் லேப்டாப்பின் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் பார்த்ததை முழுதாக உன்னிடம் சொன்னதில்லை. ஹவுராவில் எங்கள் தொழிற்சாலை நீராவிக் குழாய்களுக்கு வால்வு செய்கிறது. பாய்லரிலிருந்து வருகிற நீராவியைத் திறந்து மூடுகிற எஃகு உறுப்பு அது. வேலையில் இருக்கும்போது பிளந்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு வால்வையும் தண்ணீர் நிரப்பி, அது தாங்க வேண்டியதைவிடக் கூடுதலான அழுத்தம் ஏற்றிச் சோதிப்போம். அதன்பிறகு தரத்துக்குப் பொறுப்பான நான் ஒப்புதல் கொடுத்தால்தான் சரக்கு வெளியே போகும். அந்த ஒப்புதல் காகிதத்தைவிட்டுக் கணினிக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆர்டர், வார்ப்பு, இயந்திரங்களின் நேரம், ஸ்டோர் இருப்பு, சோதனை முடிவு எல்லாம் ஒரே மென்பொருளில். அதோடு ஏஐ உதவியாளரை இணைக்கும் வேலை சால்ட் லேக்கில் அப்போது நீ வேலை பார்த்த கம்பெனிக்குக் கிடைத்தபோது, அதை உன்னிடமே கொடுத்தார்கள். மகன் அம்மாவின் தொழிற்சாலைக்கே வேலையாக வருகிறான் என்று எனக்கு எவ்வளவு பெருமை என்பதை நான் அப்போது காட்டிக்கொள்ளவில்லை.

முதல் சில மாதம் அது பார்த்துச் சொல்வதோடு நின்றது. யாரும் எதையும் பெங்காலியிலேயே கேட்கலாம். அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுபீர், ‘அந்தப் பாட்னா ஆர்டர் எங்கே நிற்கிறது’ என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் நாலு பேரிடம் போய் நிற்பான். இப்போது உட்கார்ந்த இடத்தில் கேட்டான், பதில் வந்தது. தொழிலாளர்கள் அதற்குச் சோட்டோபாபு என்று பெயர் வைத்தார்கள், சின்ன ஆபீசர் என்று அர்த்தம். முதலாளி சென்குப்தாவுக்கு ஆசை வந்துவிட்டது. பார்த்துச் சொல்வது மட்டும் போதாது, செய்யவும் வேண்டும், அதைத் துர்கா பூஜைக்கு முன்னால் தனக்குக் காட்ட வேண்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீ கேட்டாய். “டெமோக்கு மட்டும்தாம்மா. தனி அக்கவுன்ட் வேணும்னா மென்பொருள் கம்பெனிக்கு எழுதி, அவா யோசிச்சு, பூஜையே தாண்டிடும். உன் லாகின் இருந்தா இன்னிக்கே முடிச்சுடுவேன்.” நான் தயங்கினேன், பிறகு கொடுத்தேன். மகன் கேட்டால் தாய் கொடுத்துவிடுகிறாள், அதற்குமேல் இதில் தத்துவம் எதுவும் இல்லை. அடுக்களையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்து, “யாரோட பேர்ல அது வேலை பண்ணப் போறது?” என்று கேட்டார். என் பேரில்தான், இரண்டு வாரத்துக்கு என்றேன். “அப்போ ரெண்டு வாரம் நீ தூங்கும்போதும் கையெழுத்துப் போட்டுண்டிருப்பே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நீ பிறந்த அன்று பாலிகஞ்சில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் உன்னை வைத்துக்கொண்டு அவருக்காக நான் காத்துக் கிடந்தேன். அப்பா வேலை பார்த்த வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவிடம், இன்னொன்று மேலாளரிடம். ‘பையன் பிறந்திருக்கான், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்’ என்று மேலாளரே சொன்னாராம். இரண்டு சாவியும் ஒரே கையில் சேரக் கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். வேறொரு கிளையிலிருந்து மாற்று அதிகாரி வந்து, முறைப்படி எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்பினார். அவர் உன்னைப் பார்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பிடிவாதக்காரர், இரும்பு மனசுக்காரர் என்றெல்லாம் அதை வைத்து நான் பல வருஷம் குத்திக்காட்டியிருக்கிறேன்.

பூஜைக்கு முந்தைய வாரம் எங்கள் இடம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். விடுமுறைக்குள் எல்லாச் சரக்கும் போயாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் சோதனை மேடையின் அழுத்தம் காட்டும் கேஜ் சரிபார்ப்பில் மாட்டியது. உண்மையில் இருப்பதைவிட அது அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது போதிய அழுத்தம் ஏற்றாமலேயே ‘தாங்கியது’ என்று பதிவு செய்திருக்கிறோம். பீகாரில் ஒரு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய வால்வுகள் அதில் சோதித்தவை. உடனே அந்தச் சரக்கை நிறுத்தி வைத்து, குறிப்பு என்ற இடத்தில் காரணத்தையும் எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்புகளை நீ இணைப்பில் சேர்க்கவில்லை. பாதி பெங்காலி, பாதி ஆங்கிலம், கண்டபடி எழுத்துப்பிழை, வெறும் குப்பை என்று ஒதுக்கிவிட்டிருந்தாய். மறுநாள் சுபீர் சோட்டோபாபுவிடம், முடிந்த சரக்கில் பூஜைக்கு முன் போக வேண்டியதையெல்லாம் விடுவி என்றான். அது பார்த்தது. சோதனை தேறியிருக்கிறது. நிறுத்தியதற்குக் காரணம் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. விடுவிக்கிற அதிகாரம் கையில் இருக்கிறது. விடுவிக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டது. சுபீர் ‘ஆம்’ என்று தட்டினான். லாரி கிளம்பிவிட்டது.

பூஜை தொடங்கும் சஷ்டி அன்று காலை நான் போனபோது, நிறுத்திய சரக்கை வைக்கும் கூண்டு காலியாக இருந்தது. பக்கத்துப் பந்தலிலிருந்து டாக் மேளம் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுபீரைக் கூப்பிட்டேன்.

“அந்தச் சர்க்கரை ஆலைச் சரக்கு எங்கே?”

“போயிடுச்சே தீதி. நீங்கதானே விட்டீங்க?”

திரையைத் திருப்பிக் காட்டினான். அதில் என் பெயர்தான் இருந்தது. முந்தின நாள் காலை நேரமும் இருந்தது. அந்த நேரத்தில் நான் பாபுகாட்டிலிருந்து ஹவுராவுக்கு வரும் படகில் நின்றுகொண்டிருந்தேன். அவன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை, பரத். இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்று நம்பி அவன் தட்டினான். மனிதன் ஒருவன் சரி என்று சொல்லிவிட்டான் என்று இயந்திரம் விட்டது. நான் பார்த்து ஒப்புக்கொண்டதாகப் பதிவு சொன்னது. மூன்று பேர் பார்த்ததாகக் கணக்கு, உண்மையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. உனக்குப் போன் செய்துவிட்டு, சோட்டோபாபுவையே கேட்டேன், அந்த கேஜில் சோதித்தவை வேறெங்கெல்லாம் போயிருக்கின்றன என்று. வேறெங்கும் போகவில்லை, மற்றதெல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று உடனே சொன்னது. ஆள் விட்டு எண்ணச் சொன்னேன். அது சொன்னது சரியாகவே இருந்தது.

சென்குப்தா தன் அறையில் எல்லாக் கதவையும் சாத்தச் சொன்னார். நீயும் அதற்குள் வந்துவிட்டாய், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாய். “மேடம், கேஜ் கொஞ்சம்தான் தப்பு. வால்வு நல்லாவே இருக்கலாம். பூஜை முடியட்டும், சர்வீஸ்னு சொல்லி ஒரு ஆளை அனுப்பி அங்கேயே செக் பண்ணிக்கலாம். இப்ப வாயைத் திறந்தா அந்த ஆலை நமக்கு இல்லை” என்றார்.

“பூஜை முடியறதுக்குள்ள அவங்க பாய்லரைப் பத்த வெச்சிடுவாங்க சார். கரும்பு அரவை தொடங்கப் போகுது.”

“சாயங்காலம் வரைக்குமாவது பொறுங்க. நான் யோசிக்கிறேன்.”

“என் பேர்ல போயிருக்கு. நான் யோசிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே ஆலைக்குப் போன் போட்டேன். பாய்லர் பொறுப்பாளர் ஜா என்பவர் எடுத்தார். வால்வுகளை மாட்டாதீர்கள், சோதனை சந்தேகமாக இருக்கிறது, நானே வருகிறேன் என்றேன். அவர் இந்தியில் என்னைத் திட்டிய திட்டை நீ பக்கத்தில் நின்று கேட்டாய். இறக்கியிருக்கிறார்கள், மாட்டத் தொடங்கவில்லை. அது தெரிந்த பிறகு அவர் என்ன திட்டினாலும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சப்தமி அன்று காலை ரயில். ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வர, நாம் இரண்டு பேரும் கைப்பம்பையும் சரிபார்த்த கேஜையும் தூக்கிக்கொண்டு ஹவுரா ஸ்டேஷனில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனோம். வழியெல்லாம் நான் உன்னைத் தேற்றவில்லை. தேற்றினால் உன் பாரம் குறைந்துவிடும், அது குறையக் கூடாது என்று நினைத்தேன். ஆலை முற்றத்தில் ஒரு வால்வை நிமிர்த்தி, இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். தாங்கியது. அடுத்ததும் தாங்கியது. சென்குப்தா சொன்னதே சரிதானோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது. அதற்கடுத்ததில், கேஜ் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, வால்வின் கழுத்தில் வியர்த்தாற்போல ஒரு ஈரம் தெரிந்தது. நீதான் முதலில் பார்த்தாய். விரலால் துடைத்தாய், மறுபடி ஊறியது. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சியடித்து உன் சட்டையை நனைத்தது. தண்ணீராக இருந்ததால் சட்டையோடு போயிற்று.

ஜா அந்த விரிசலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இதை யார் பாஸ் பண்ணினது?” என்று கேட்டார். சரக்கோடு வந்த காகிதத்தில் என் பெயர். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், “நான்தான். லாகின் அம்மா பேர்ல இருக்கு, விட்டது என்னோட புரோகிராம். அவங்க நிறுத்தித்தான் வெச்சிருந்தாங்க. அவங்க எழுதின காரணத்தை அது படிக்க நான் வழி பண்ணலை.”

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க பையனா?”

“ஆமாம்.”

“சரி. மீதிக்கும் இவனே பம்ப் அடிக்கட்டும்.”

அன்று மத்தியானம் முழுக்க நீதான் அடித்தாய். வலது உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஆலைக்காரர்கள் கொடுத்த வெல்லத்தை இடது கையால் வாங்க நேர்ந்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறதா? நீ நல்ல மதிப்பெண் வாங்கிய நாட்களில், வேலை கிடைத்த நாளில், என்றைக்கும் நான் இதை உன்னிடம் சொன்னதில்லை. ‘நான்தான்’ என்று நீ சொன்ன அந்த நொடியில்தான், இனி இவனைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு வால்வும் கசிந்தது. எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு மாற்றுச் சரக்கு அனுப்பினோம். அரவை தள்ளிப்போனது. ஆலை எங்களை விட்டுவிடவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தங்கள் ஆளை அனுப்பி எங்கள் சோதனை மேடைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். சென்குப்தாவுக்கு அது அவமானம். திரும்பிய முதல் நாளே, “அந்தச் சோட்டோபாபுவைப் பிடுங்கிப் போடுங்க. பழையபடியே இருப்போம்” என்றார். நான் அதற்கும் மறுத்தேன். அன்று நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சஷ்டி காலையில் ஆபத்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எனக்கு உடனே சொன்னதும் அதேதான். பழையபடி தேடியிருந்தால் பூஜை விடுமுறை முழுக்கத் தேடிக்கொண்டிருப்போம். தப்பு அது இணைந்திருந்ததில் இல்லை. என் முகமூடியைப் போட்டுக்கொண்டு இணைந்திருந்ததில்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நாம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அப்பா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார், நாம் சண்டை போட்டுக்கொண்டே இருப்போம். அது தன் சொந்தப் பெயரில் மட்டுமே உள்ளே வர வேண்டும், என்ன செய்தாலும் ‘சோட்டோபாபு செய்தது’ என்று பதிவாக வேண்டும் என்றேன். அந்தக் குப்பைக் குறிப்புகளையெல்லாம் அது படித்தாக வேண்டும் என்றேன். அதற்கு மேல் ஒன்று, அதில்தான் நாம் அதிகம் சண்டை போட்டோம். சந்தேகம் வந்தால் எந்தச் சரக்கையும் அது நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம். எந்தச் சரக்கையும் அது விடக் கூடாது. விடுவது ஒரு மனிதர், தன் கண்ணால் பார்த்து, தன் பெயரில். “அப்போ பாதி பிரயோஜனம் போயிடும்மா” என்றாய். போகட்டும் என்றேன். கடைசியில் நீ எழுதியது நான் கேட்டதைவிட நன்றாக இருந்தது. விடச் சொல்லி யாராவது கேட்டால், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சோதனை விவரத்தையும் குறிப்பையும் எடுத்துவைத்து, முடிவை அந்த ஆளிடமே விட்டுவிடுகிறது.

நீ போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறும்போது ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பைச் சுபீருக்குத் தர வேண்டும் என்று சென்குப்தாவிடம் சொல்லி, அவனை அனுப்பும் பிரிவிலிருந்து என்னிடம் மாற்றிக்கொண்டு, இப்போதிருந்தே அவன் பெயரில் ஒப்புதல் கொடுக்கப் பழக்குகிறேன். அவனா என்று அவர் முகம் சுளித்தார். அவன்தான் என்றேன். பார்க்காமல் ‘ஆம்’ தட்டினால் என்ன ஆகும் என்பதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் தொழிற்சாலையில் இல்லை. போன வாரம் சரக்கு வாங்குபவரின் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார், லாரி வாசலில் நிற்கிறது. ஒரு வால்வை எவ்வளவு நேரம் அழுத்தத்தில் வைத்தோம் என்ற விவரம் பதிவாகவில்லை என்று சோட்டோபாபு சரக்கை நிறுத்திவிட்டது. அந்தச் சோதனையின்போது நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குத் தெரியும் அது நல்ல வால்வு. சுபீரிடம், நான் பார்த்தேன், விட்டுவிடு என்றேன்.

“மன்னிச்சுக்கோங்க தீதி. உங்க வாய்வார்த்தையில நான் விட மாட்டேன். மறுபடி மேடையில ஏத்தச் சொல்லியிருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்த இடத்தில் இருக்கிறேன், என்னிடமேயா என்று. என் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுபடி சோதித்தார்கள். வால்வு நன்றாகத்தான் இருந்தது. அரை நாள் போனது. வந்தவர் டீ மேல் டீயாகக் குடித்தார். சென்குப்தா என்னிடம் வந்து, “இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்” என்றார். “அவன் செஞ்சது சரி சார். நாளைக்கும் இதையேதான் செய்வான்” என்றேன்.

திங்கட்கிழமை உன்னிடம் அவர்கள் கேட்கப்போவது இந்த அரை நாளைப் பற்றித்தான். ஆமாம், அரை நாள் போகும் என்று சொல். மறைக்காதே, குறைத்தும் சொல்லாதே. நல்ல சரக்கும் சில சமயம் நிற்கும், அதற்கும் சேர்த்துத்தான் விலை என்று சொல். முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதே, அப்படி வந்தால் அவர்கள் வேறு ஒருவனை வைத்து நீ மறுத்ததைச் செய்துகொள்வார்கள். எப்படிச் செய்யலாம் என்பதைக் கையில் கொண்டு போ. நம் சாப்பாட்டு மேஜையில் போட்ட திட்டத்தையே கொண்டு போ. பிரேக் பாகம் என்கிறாய். அது ஒரு வண்டியில் ஏறும், அந்த வண்டியில் யாரோ ஏறுவார்கள். அதை விட்டது யார் என்று கேட்டால் ஒரு ஆள் எழுந்து நிற்க வேண்டும். அவர் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்க வேண்டும்.

அப்படியும் அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், நீ ஏன் மறுக்கிறாய் என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு வா. வேலை போனால் போகட்டும். பயப்படாமல் ஹவுராவுக்கு டிக்கெட் போடு. இங்கே வார்ப்புப் பிரிவு சோட்டோபாபுவோடு இன்னும் இணைக்கப்படாமல் கிடக்கிறது, செய்ய ஆள் இல்லை. சென்குப்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மீட்டிங் முடிந்ததும் போன் செய். நான் சோதனை மேடைக்குப் பக்கத்தில் இருப்பேன், ஒரே சத்தமாக இருக்கும். ஆனாலும் எடுப்பேன்.

உன்
அம்மா